‘நாலு கட்டு நூறு’: பீடி சுற்றும் ஊரில் கணக்குக் கற்பிக்கப் பழகிய நான்கு பயிற்சி ஆசிரியர்கள் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென்காசி, திருநெல்வேலி வட்டாரத்தில் பீடி சுற்றுவது பெரும்பாலும் பெண்கள் வீட்டிலிருந்தே செய்யும் வேலை. பீடிக்கடையில் இலை, தூள், நூல் வாங்கி வந்து, சுளகை (முறத்தை) மடியில் வைத்துச் சுற்றி, கட்டுக்கட்டாகக் கடையில் ஒப்படைப்பார்கள். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. ஆண்களில் பலர் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போய்விட்ட பெற்றோரும் உண்டு; அவர்களுடைய பிள்ளைகள் ஆச்சி, தாத்தாவோடு வளர்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஓர் ஊரின் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்கு, தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருந்த நான்கு பேர் கற்பித்தல் பயிற்சிக்காக வந்தார்கள். மூன்று பெண்கள், ஓர் ஆண். நால்வருமே வெளியூர்க்காரர்கள். 4ஆம், 5ஆம் வகுப்புக் கணக்குப் பாடம் அவர்கள் பொறுப்பு.

பயிற்சியின் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் பள்ளியைப் பற்றியும் ஊரைப் பற்றியும் ஒரு குறிப்பு எழுத வேண்டும். மூவருடைய குறிப்பில் ஏறக்குறைய ஒரே வரி இருந்தது: ‘பெற்றோர் படிக்காதவர்கள், வீட்டில் கல்விச் சூழல் இல்லை, கணக்கில் உதவி கிடைக்காது.’ அவர்கள் அப்போது ஒரு வீட்டுக்குள்ளும் போயிருக்கவில்லை. அந்த வரி முந்தைய ஆண்டுப் பதிவேடுகளிலிருந்து கைமாறி வந்தது. ஆசிரியர் கல்வியில் பதிவேடு கைமாறுவது எல்லோருக்கும் தெரிந்த பழக்கம். அதோடு இப்படிப்பட்ட தீர்ப்புகளும் ஆண்டுதோறும் கைமாறுகின்றன என்பதுதான் கவலைக்குரியது. அவர்களை வழிநடத்திய பயிற்றுநர் அந்த வரியைத் திருத்தவில்லை. பயிற்சி முடியும்போது அதே குறிப்பைத் திரும்ப எழுதச் சொல்லப்போவதாக மட்டும் அறிவித்துவிட்டு, வேலையைத் தொடங்கினார்.

வகுப்பில் கண்டது

ஈரிலக்கப் பெருக்கலில் பிள்ளைகள் செய்த பிழை பழக்கமானதுதான். 34 × 25 என்ற கணக்கில் 5ஆல் பெருக்கி 170, 2ஆல் பெருக்கி 68 என்று எழுதி, 68ஐ ஓர் இடம் தள்ளாமல் கூட்டி 238 என்று முடித்தார்கள். 34 இருபதுகளே 680 ஆகும்போது விடை 238 ஆக இருக்க முடியுமா என்ற கேள்வி யாருக்கும் எழவில்லை. பின்னங்களில், 8 பெரியது, ஆகவே 1/8தான் 1/4ஐவிடப் பெரியது என்றார்கள்.

அதே வாரம் ஒரு பயிற்சி ஆசிரியை இன்னொன்றையும் கவனித்து எழுதி வைத்தார். 238 என்று எழுதிய சிறுமிகளில் ஒருத்தி சத்துணவுக்கு வந்த முட்டையை எண்ணிக்கொண்டிருந்தாள். ஓர் அட்டைக்கு 30 முட்டை. “மூணு அட்டை தொண்ணூறு, மேல பன்னெண்டு, நூத்திரெண்டு” என்று தடங்கலே இல்லாமல் சொன்னாள்.

இந்த இடைவெளி உலகத்துக்குப் புதிதல்ல. பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் வியாபாரம் செய்த சிறுவர்களைப் பற்றி 1985இல் ஓர் ஆய்வு வெளியானது. விற்கும் இடத்திலேயே கேட்டபோது 98 விழுக்காடு விடைகள் சரி. அதே எண்களைச் சொற்கணக்காகக் கொடுத்தபோது 74. வெறும் எண்களாகக் காகிதத்தில் கொடுத்தபோது 37. கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களை வைத்து 2025இல் வெளிவந்த ஆய்வும் இதையே காட்டியது. அதில் மறுபக்கமும் தெரிந்தது: பள்ளிக் கணக்கில் தேறிய பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள். ஆகவே வீட்டுக் கணக்கு தானாகவே பள்ளிக் கணக்காக மாறிவிடாது. இரண்டுக்கும் நடுவே பாலம் போடுவது ஆசிரியரின் வேலை. அந்த வேலையை யாரும் பயிற்சி ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுப்பதில்லை.

முதல் சுற்று: படிவத்தோடு போனபோது

முதலில் நால்வரும் அச்சடித்த படிவத்தோடு வீடுகளுக்குப் போனார்கள். குடும்பத் தலைவர் பெயர், தொழில், மாத வருமானம், படிப்பு, வீட்டில் யார் பாடம் சொல்லித் தருகிறார் என்பவை கேள்விகள். வாசலில் வந்த முதல் எதிர்க்கேள்வி, “ஆயிரம் ரூவாய்க்கா எழுதுதீய?” என்பது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கிய பிறகு, கையில் தாளோடு வரும் எவரும் அதற்காகத்தான் வருகிறார் என்று ஊர் நினைப்பது இயல்பு. வருமானத்தைக் குறைத்துச் சொன்னார்கள். கணக்கு தெரியுமா என்று கேட்டபோது, “எனக்கு என்ன டீச்சர் தெரியும், நான் கைநாட்டு” என்ற பதிலே வந்தது.

நிரம்பிய படிவங்கள் பயிற்சி ஆசிரியர்கள் முன்பே எழுதியிருந்த அதே வரியை உறுதிப்படுத்தின. படிவம் வைத்துக் கேட்டால் அதுதான் கிடைக்கும். ‘கணக்கு’ என்றாலே பள்ளியில் தோற்ற பாடம் என்று நினைக்கும் ஒருவரிடம் ‘கணக்கு தெரியுமா’ என்று கேட்பது, ‘நீங்கள் தோற்றவர்தானே’ என்று கேட்பதற்குச் சமம்.

முதல் பாடம்

இந்தத் தகவலை வைத்து ஒருவர் பாடம் அமைத்தார். ‘ஒரு பெண் ஒரு நாளில் 1000 பீடி சுற்றுகிறார். 6 நாளில் எத்தனை பீடி சுற்றுவார்?’ பாடநூலில் மாம்பழம் இருந்த இடத்தில் பீடி வந்தது, வேறொன்றும் மாறவில்லை.

மூன்று விஷயங்கள் நடந்தன. சில பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு சிறுமி தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பாடவேளை முழுதும் வாய் திறக்கவில்லை. பிறகு கேட்டபோது, அவளுடைய அம்மாவைப் பற்றி வகுப்பில் பேசியதாக அவள் நினைத்தது தெரிந்தது. மூன்றாவது, ஒரு பையன் எழுந்து, “ஆறு நாளைக்கு இலை தர மாட்டாவ, சார்” என்றான். வாரத்தில் எத்தனை நாள் இலை கிடைக்கும் என்பது கடையின் கையில் இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. பயிற்சி ஆசிரியர், “கணக்குக்காக அப்படி வச்சிக்கோ” என்று தொடர்ந்தார்.

அந்தப் பையன் கணக்கின் உண்மையையே சோதித்திருந்தான். வகுப்பில் அன்று நடந்த மிகச் சிறந்த கணித வேலை அதுதான். ‘வாரத்துக்கு நாலு நாள்தான் இலை என்றால் மாதத்துக்கு எவ்வளவு?’ என்று அங்கேயே கணக்கைத் திருப்பியிருக்கலாம். பாடக்குறிப்பில் அதற்கு இடமில்லாததால் அது கைநழுவியது.

எடுத்த முடிவு: திரும்பப் போவது, வேறு முறையில்

பயிற்றுநரும் வகுப்பாசிரியையும் நால்வரும் உட்கார்ந்து பேசி, வீட்டுக்குப் போகும் முறையை மாற்றினார்கள். மாற்றியவை இவை.

படிவம் இல்லை. இரண்டிரண்டு பேராகப் போவது. ஒருவர் பேச, மற்றவர் கவனிப்பது. அங்கே எதையும் எழுதக் கூடாது. வெளியே வந்தவுடன், அடுத்த வீட்டுக்குப் போகும் முன்பு, கேட்ட சொற்களை அப்படியே எழுதிவிட வேண்டும். தாமதித்தால் பேசியவரின் சொல் மறைந்து, எழுதுகிறவரின் பாடநூல் மொழி அந்த இடத்தில் வந்து உட்காரும். ‘28ஐ 25ஆல் பெருக்கினார்’ என்ற பதிவு பயனற்றது. பேசியவர் கட்டுகளைச் சேர்த்து எண்ணியிருப்பார், பெருக்கியிருக்கவே மாட்டார்.

நேரம் முக்கியம். கடையில் ஒப்படைக்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் யார் போனாலும் தொந்தரவுதான். காலைச் சமையல் முடிந்து சுளகை எடுத்து உட்காரும் வேளையில், கை ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம். அந்த வேளையில்தான் கணக்கும் நடக்கிறது.

முதல் வீடாகப் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினரான ஒரு தாயின் வீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். தீர்மானத்தில் கையெழுத்து வாங்குவதற்கே பெரும்பாலும் பயன்படும் இந்தக் குழு, பயிற்சி ஆசிரியர்களை ஊருக்குள் அழைத்துப் போக மிகப் பொருத்தமான வழி. அவரே மற்ற வீடுகளுக்கும் கூட்டிப்போனார். “பிள்ளைய பத்திக் குறை சொல்ல வரல, நாம எப்படிக் கணக்குப் பாக்கோம்னு கேக்க வந்திருக்காவ” என்று அவர் சொன்ன ஒரு வாக்கியம் எந்த அறிமுகக் கடிதத்தையும்விட உதவியது.

கேள்விகளும் மாறின. ‘கணக்கு தெரியுமா’ என்பது போய், “இப்ப வரைக்கும் எவ்வளவு ஆச்சுக்கா? இன்னும் எவ்வளவு பாக்கி? எப்படித் தெரியும்?” என்பவை வந்தன. மூன்றாவது கேள்வி முக்கியம்.

ஒரு தடையும் விதிக்கப்பட்டது. எந்தப் பிள்ளையிடமும் ‘நீ எவ்வளவு சுத்துவே’ என்று கேட்கக் கூடாது. பீடி சுற்றும் வேலையில் குழந்தைகளை ஈடுபடுத்தக் கூடாது என்று 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. வீட்டில் பிள்ளைகள் முனை மடக்குவதும் நூல் கட்டுவதும் கண்ணில் பட்டால், அதை வகுப்புக்கான ‘அனுபவ அறிவு’ என்று கொண்டாடக் கூடாது; தலைமையாசிரியரிடம் சொல்ல வேண்டும். பள்ளிக்கு வராமல் ஒரு பிள்ளை வேலையில் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

இரண்டாவது சுற்றில் கண்டவை

இந்த ஊரில் ஒரு கட்டுக்கு 25 பீடி. 40 கட்டு ஆயிரம். 31 கட்டு முடித்திருந்த ஒரு தாயிடம் எவ்வளவு ஆச்சு என்று கேட்டபோது பதில் உடனே வந்தது.

“நாலு கட்டு நூறு. இருபத்தெட்டு கட்டு எழுநூறு. மேல மூணு, எழுபத்தஞ்சு. எழுநூத்தி எழுபத்தஞ்சு.”

பாக்கி எவ்வளவு என்றால் 1000இலிருந்து 775ஐக் கழிக்கவில்லை. “ஒம்பது கட்டு பாக்கி. எட்டு கட்டு எரநூறு, ஒண்ணு இருபத்தஞ்சு” என்றார். எண்ணிக்கையை 4இன் மடங்காகவும் மீதியாகவும் பிரிப்பது, நூறு நூறாக ஏறுவது, கழித்தலைத் தவிர்த்து மீதிக் கட்டுகளை எண்ணுவது என மூன்று உத்திகள் அதில் இருந்தன. பங்கீட்டுப் பண்பு (ஓர் எண்ணைப் பிரித்துத் தனித்தனியாகப் பெருக்கிக் கூட்டினாலும் விடை மாறாது) என்று பாடநூல் சொல்வதைப் பள்ளிக்கே போகாத ஒருவர் நாள்தோறும் பயன்படுத்திக்கொண்டிருந்தார்.

கூலிக் கணக்கும் அப்படியே. ஆயிரத்துக்குக் கூலி 280 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 500க்கு 140, 250க்கு 70 என்று பாதி பாதியாக இறங்கி, 250 என்பது பத்துக் கட்டு, ஆகவே கட்டுக்கு 7 என்று வருவார்கள். 775க்கு, 750க்கான 210ஓடு 7ஐச் சேர்த்து 217. இலை மோசமாக இருந்தால் கொடுத்த எடைக்கு எண்ணிக்கை வராது; வெளியே இலை வாங்கி ஈடுகட்டுவதா, குறைத்து ஒப்படைப்பதா என்பதையும் சுளகின் முன்னே உட்கார்ந்தபடியே முடிவு செய்கிறார்கள். மகளிர் குழுக் கடனில் ‘நூத்துக்கு ரெண்டு வட்டி’ என்றால் மாதத்துக்கு 2 விழுக்காடு, ஆண்டுக்கு 24 என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு வீட்டில் ஓர் ஆச்சி அரிசி அளந்துகொண்டிருந்தார். படி, உரி, உழக்கு, ஆழாக்கு எனப் பித்தளைச் சாமான் நான்கும் அவரிடம் இருந்தன. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. அதாவது 1/8, 1/4, 1/2, 1. பிள்ளைகள் தடுமாறிய பின்ன வரிசை முழுதும் ஓர் அடுப்படியில் அடுக்கி வைத்திருந்தது. ஊரிலேயே மூத்த ஒருவர் மாகாணி, அரைக்கால், கால் என்று பின்ன வாய்ப்பாட்டைக் கொஞ்சம் சொல்லியும் காட்டினார். மாகாணி 1/16, அரைக்கால் 1/8. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியாக மனப்பாடம் செய்தவற்றின் மிச்சம் அது.

ஒரு கொத்தனார் சுவரின் மூலையைச் சதுரம் பார்க்கும், அதாவது செங்கோணமா என்று சோதிக்கும், முறையைக் காட்டினார். ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வந்தால் மூலை சரி.

எதை வகுப்புக்குக் கொண்டுவருவது

இங்கே கருத்து வேறுபாடு எழுந்தது. பீடியே வேண்டாம் என்றார் ஒருவர்: புகையிலை, நோய், குழந்தை உழைப்பு என்று அத்தனையும் அதோடு சேர்ந்து வரும். முதல் பாடத்தில் தலைகுனிந்த சிறுமியை அவர் நினைவூட்டினார். இன்னொருவர், ஊரின் மிக வலுவான கணக்கு அங்கேதான் இருக்கிறது, அதை விட்டால் மறுபடி மாம்பழத்துக்கே போக வேண்டும் என்றார். இருவர் சொன்னதும் சரி.

முடிவு இப்படி அமைந்தது. பீடி, தூள், இலை எதுவும் பள்ளிக்குள் வராது. சுற்றும் வேலையைப் பற்றிய கணக்கு எதையும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. எண்ணும் முறை மட்டும் வரும். அது எங்கிருந்து வந்தது என்பதை மறைப்பதும் இல்லை. அதைக் கண்டுபிடித்துப் பயன்படுத்துகிறவர் வந்து சொல்வார். தொழிலின் கூலிக் கணக்கு பெரியவர்களோடு, பெற்றோர் கூட்டத்தில். பின்னத்துக்குப் படியும் உழக்கும்.

வகுப்புக்கு வரும் தாய் அந்த நேரக் கூலியை இழப்பார். ஆகவே கடையில் இலை தராத நாளைப் பார்த்துப் பாடவேளையை மாற்றினார்கள். வகுப்பாசிரியை மொழிப்பாடத்தோடு வேளையை மாற்றிக்கொண்டதால் இது முடிந்தது. இந்தச் சிறிய ஏற்பாடு இல்லாமல் ‘பெற்றோர் ஈடுபாடு’ என்று பேசுவது ஏழைப் பெண்ணின் நேரத்தை இலவசமாகக் கேட்பதாகிவிடும்.

இரண்டாவது பாடம்: 25 × 31

தென்னை ஈர்க்கை விரல் நீளத்துக்கு நறுக்கி, 25 குச்சிக்கு ஒரு கட்டாக 40 கட்டு செய்தார்கள். ஆயிரம் குச்சி. இதற்கு நினைத்ததைவிட அதிக நேரம் பிடித்தது. சில கட்டில் 24, சிலவற்றில் 26. திரும்ப எண்ணுவதற்குப் பதிலாக அதையே முதல் வேலையாகப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள்: சரியில்லாத கட்டைக் கண்டுபிடித்துத் திருத்து. ஒவ்வொரு குழுவும் ஐந்து ஐந்தாக அடுக்கிச் சரிபார்த்தது.

பிறகு 31 கட்டை மேசையில் வைத்து, காகிதம் இல்லாமல் எத்தனை என்று கேட்டார்கள். வந்திருந்த தாய் தன் முறையைச் சொன்னார். ஒரு பையன் முப்பது கட்டு 750, ஒன்று 25 என்றான். ஒரு சிறுமி, நாற்பது கட்டு ஆயிரம், ஒன்பது கட்டு குறைவு, ஆகவே ஆயிரத்தில் 225 போக மீதி என்றாள். மூன்றும் 775.

இந்த இடத்தில் பாடம் நடத்தியவர், “சரி, இப்ப இதைச் சரியான முறையில போட்டுப் பாப்போம்” என்று கரும்பலகைக்குத் திரும்பினார். அந்தத் தாய் பேச்சை நிறுத்திக்கொண்டார். பிள்ளைகள் குச்சியை ஒதுக்கிவிட்டு நோட்டைத் திறந்தார்கள். இரண்டு பேர் மறுபடி இடம் தள்ளாமல் 217 என்று எழுதினார்கள்.

பாடத்துக்குப் பிறகு நடந்த உரையாடலில் அதிக நேரம் இந்த ஒரு வாக்கியத்துக்கே போனது. ‘சரியான முறை’ என்றதும், அதற்கு முன் சொன்ன மூன்றும் சரியற்றவை ஆகிவிட்டன. பயிற்சி ஆசிரியர் அப்படி நினைத்துச் சொல்லவில்லை. தான் படித்த வகுப்புகளில் கேட்ட வாக்கியம் வாயில் வந்தது. நல்லெண்ணம் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. வீட்டுக்குப் போய் வந்து, தாயை அழைத்து வந்து, ஆயிரம் குச்சி கட்டிய பிறகும் ஒரு சொல்லில் எல்லாம் கவிழ முடியும்.

மறுநாள் 5ஆம் வகுப்பில் அதே பாடத்தை வேறு பயிற்சி ஆசிரியை எடுத்தார். அந்தத் தாய் சொன்னதை முதலில் அவர் சொன்ன சொல்லிலேயே பலகையில் எழுதினார். அதன் அடியில்:

31 × 25 = 28 × 25 + 3 × 25 = 700 + 75 = 775

அதற்குப் பக்கத்தில் செங்குத்துப் பெருக்கல். 31ஐ 5ஆல் பெருக்க 155. 20ஆல் பெருக்க 620. “அக்கா 31ஐ இருபத்தெட்டும் மூணுமா உடைச்சாங்க. இங்க நாம எதை உடைச்சோம்?” என்று கேட்டார். 25ஐ இருபதும் ஐந்துமாக உடைத்தோம் என்ற பதில் பிள்ளைகளிடமிருந்து வந்தது. 62 என்று எழுதியவனை, 31 கட்டிலிருந்து கட்டுக்கு 20 குச்சி எடுத்தால் 62 குச்சிதான் வருமா என்று கேட்டபோது, அவனே திருத்தினான். இடம் தள்ளுவது அதுவரை வெறும் விதி. இப்போது அதற்குக் காரணம் கிடைத்தது.

அடுத்த வேளையில் எண்ணை மாற்றினார்கள்: 24 குச்சி உள்ள 18 கட்டு. 25ஆக நினைத்து 450 வரை சரியாக வந்தார்கள். அதன் பிறகு சிலர் 449 என்றார்கள். ஒரு கட்டில் ஒன்று குறைவு என்பதைப் பிடித்துக்கொண்டு ஒன்றை மட்டும் கழித்தார்கள். 18 கட்டிலும் ஒவ்வொன்று குறைவு, ஆகவே 432. குச்சியை உருவிக் காட்டியதும் புரிந்தது. உள்ளூர் உத்தி அதன் எண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும்; எண்ணை மாற்றிப் பார்க்காமல் பாடத்தை முடித்தால் பிள்ளைக்கு 25 மட்டுமே கிடைத்திருக்கும்.

படியும் உழக்கும்

பின்னப் பாடத்துக்கு ஆச்சியே சாமான்களோடு வந்தார். முந்தைய நாள் ஒத்திகையில் ஒரு சிக்கல் தெரிந்தது. பயிற்சி ஆசிரியர்கள் அரிசியை ஆழாக்கில் குவித்து அளந்து படியில் போட்டார்கள். எட்டாவது ஆழாக்கு வரும் முன்பே படி நிறைந்துவிட்டது. “கொடுக்கும்போது குவிச்சு அளக்கலாம், கணக்குக்கு அளந்தா தலைதட்டணும்” என்று ஆச்சி ஒரு குச்சியால் மேலே வழித்துக் காட்டினார். தலைதட்டி அளந்ததும் எட்டு சரியாக வந்தது. தண்ணீரில் அளந்தால் இந்தச் சிக்கலே இல்லை. ஆனால் குவித்ததற்கும் தட்டியதற்கும் உள்ள வேறுபாட்டையே 5ஆம் வகுப்பில் கேள்வியாக வைத்தார்கள். அளவீட்டுப் பிழையைப் பற்றி அதைவிட நல்ல அறிமுகம் கிடைக்காது.

இன்னொரு எச்சரிக்கை: சாமான் நான்கும் ஒரே வீட்டுத் தொகுப்பாக இருக்க வேண்டும். வெவ்வேறு வீட்டுப் படிகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. கடையில் கிடைக்கும் லிட்டர் படியும் பழைய படியும் ஒன்றல்ல.

1/8 பெரியதா, 1/4 பெரியதா என்ற கேள்வியை ‘ஆழாக்கா, உழக்கா’ என்று கேட்டதும் வகுப்பில் குழப்பமே இல்லை. அதன் பிறகே 8 என்பது படியை எத்தனை பங்காக்கினோம் என்பதைச் சொல்கிறது என்று எழுத்துக்கு வந்தார்கள். ஆனால் இந்த அளவைகள் பாதி பாதியாகவே இறங்கும். அடுத்த வாரம் 1/3 வந்தபோது சில பிள்ளைகள் அப்படி ஒரு பின்னமே கிடையாது என்றார்கள். மூன்றுக்கும் ஐந்துக்கும் காகிதப் பட்டையை மடித்துத் தனியாகச் செய்ய வேண்டியிருந்தது.

கொத்தனாரின் 3-4-5 கயிறு ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளி முற்றத்தில் ஒரு மணி நேரம் நடந்தது. வந்த பிள்ளைகள் கொஞ்சம். வகுப்பறை மூலைகளில் ஒன்று சதுரம் இல்லை என்று கண்டுபிடித்த மகிழ்ச்சி அதிகம்.

பெற்றோர் கூட்டம்

வழக்கமான கூட்டத்தில் மதிப்பெண் வாசிப்பார்கள். தாய்மார் கேட்டுவிட்டுப் போவார்கள். இந்த முறை பீடி ஒப்படைத்துத் திரும்பும் வேளைக்குக் கூட்டத்தை மாற்றி, பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடும் எண் விளையாட்டுகளைப் பயிற்சி ஆசிரியர்கள் தயாரித்திருந்தார்கள். விளையாட்டு கொஞ்ச நேரமே நடந்தது. ஒரு தாய் தன் பாஸ் புத்தகத்தை எடுத்து, வருங்கால வைப்பு நிதிக்கு எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பதைப் பார்க்கத் தெரிய வேண்டும் என்றார். பீடித் தொழிலில் அந்தப் பிடித்தம் 10 விழுக்காடு. ‘நூத்துக்குப் பத்து’ என்று தொடங்கி, 280க்கு 28, 217க்கு ஏறக்குறைய 22 என்று பலகையில் போட, மற்றவர்களும் தங்கள் புத்தகங்களை எடுத்தார்கள். பயிற்சி ஆசிரியர்கள் தங்கள் திட்டத்தைக் கைவிட்டு இதையே தொடர்ந்தார்கள். முதல் பாடத்தில் “கணக்குக்காக அப்படி வச்சிக்கோ” என்று சொன்னவரே இங்கே பலகையில் நின்றார். இம்முறை கேள்வி வந்த திசையில் போனார்.

வீட்டுக்குக் கொடுத்த ‘கேட்டு வா’ தாளில் ஒரு கணக்கை வீட்டில் எப்படிப் போடுகிறார்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்லிலேயே எழுதி வர வேண்டும். முதல் தாளில் ‘அம்மா அல்லது அப்பாவிடம் கேள்’ என்று இருந்தது. ஆச்சியோடு வாழும் பிள்ளைகள் தாளை வெறுமையாகக் கொண்டுவந்தார்கள். ‘வீட்டில் பெரியவர் யாராவது’ என்று மாற்றியதும் நிரம்பி வந்தது. கைபேசியில் போட்டேன் என்ற பதிலும் வந்தது. அதற்கு, விடை சரிதானா என்று எப்படித் தெரிந்தது என்ற அடுத்த கேள்வி சேர்க்கப்பட்டது.

விளைவு

பயிற்சி முடிவில் நால்வரும் அதே குறிப்பைத் திரும்ப எழுதினார்கள். மூவர் வீட்டில் கல்விச் சூழல் இல்லை என்ற வரியை விட்டுவிட்டு, எந்த வீட்டில் எந்தக் கணக்கு நடக்கிறது, அது எந்தப் பாடத்துக்கு உதவும், எங்கே உதவாது என்று எழுதினார்கள். நான்காமவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. தொடக்க வகுப்புகளுக்கான தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் 1 முதல் 3ஆம் வகுப்பு வரையும், அடுத்த கல்வியாண்டில் 4, 5க்கும் வந்தது. கையேடு நாள்வாரியாக நகர்கிறது. இத்தனை ஏற்பாட்டுக்கு நேரம் எங்கே என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்வி. பதிலாகக் கிடைத்தது ஒன்றுதான்: தனியாக ஒரு பாடம் சேர்க்கவில்லை, கையேட்டில் ஏற்கெனவே இருந்த பெருக்கலும் பின்னமும்தான் வேறு வழியாக நடந்தன.

பெருக்கலில் இடம் தள்ளாத பிழை வெகுவாகக் குறைந்தது. விடை பொருந்துமா என்று சொந்தமாகவே கேட்கும் பிள்ளைகள் சிலர் தெரிந்தார்கள். நீள் வகுத்தலில் மாற்றம் எதுவும் இல்லை. அதற்கு வீடுகளில் இணையான முறை ஏதும் பார்க்கப்படவில்லை. வழக்கமான பயிற்சியே தேவைப்பட்டது. முதல் பாடத்தில் தலைகுனிந்த சிறுமியின் அம்மா பெற்றோர் கூட்டத்துக்கு வந்தார். சிறுமி வகுப்பில் இன்னும் குறைவாகவே பேசுகிறாள்.

அடுத்த குழுவுக்கு மாற்றியவை

வீட்டுப் பார்வை இரண்டாம் ஆண்டில் தொடங்குவது தாமதம். முதலாம் ஆண்டிலேயே, மதிப்பெண்ணோ பாடக்குறிப்போ இல்லாமல், பயிற்சி ஆசிரியர் தன் சொந்த ஊரில் ஒரு தொழிலின் கணக்கைக் கவனித்து எழுத வேண்டும். சொந்த வீட்டின் கணக்கைக் காணாதவர் அடுத்த ஊரில் காண்பது கடினம்.

பதிவேட்டில் ‘சமூகத் தொடர்பு’ என்ற பகுதிக்குப் புகைப்படமும் கையெழுத்தும் கேட்பதை நிறுத்தி, நான்கு கேள்விகளை வைத்திருக்கிறார்கள். எதை எண்ணினார்? எத்தனை எத்தனையாகச் சேர்த்தார்? எந்தச் சொல்லில் சொன்னார்? சரி என்பதை எப்படி அறிந்தார்? நான்கும் ஒரே வீட்டுக்கு, ஒரே நாளுக்கு நிரம்பினால் போதும். முந்தைய ஆண்டுப் பதிவேடுகள் புதிய குழுவின் கைக்குப் பயிற்சி முடிந்த பிறகே தரப்படும்.

பாடத்தை மதிப்பிடும் தாளில், ‘உள்ளூர் எடுத்துக்காட்டு பயன்படுத்தினாரா’ என்ற வரி நீக்கப்பட்டது. அந்த இடத்தில், வீட்டில் கண்ட முறையும் பாடநூல் முறையும் பலகையில் பக்கம் பக்கமாக எழுதப்பட்டனவா, இரண்டும் எங்கே ஒன்றாகின்றன என்று பிள்ளைகளிடம் கேட்கப்பட்டதா, எண்ணை மாற்றிப் பார்த்தார்களா என்று மூன்று வரிகள். வெளியிலிருந்து வகுப்புக்கு வருகிறவரின் நேரத்துக்கு என்ன ஏற்பாடு செய்யப்பட்டது என்பதும் பாடக்குறிப்பிலேயே எழுதப்பட வேண்டும். அது காலியாக இருந்தால் அழைப்பு போகாது.